தச்சர் மகன் எழுதிய சட்டம்
பேராசிரியர் சர் ஐவர் ஜென்னிங்ஸ் (1903 – 1965)



பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருப்பது வழக்கம். காந்தியடிகளைப் படித்தோம், பாரதியாரைப் படித்தோம். இந்த மலரில் சற்று வேறுபட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இவர் ஒரு வெள்ளைக்காரர். படை நடத்தியவரும் அல்லர், மேடையில் முழங்கியவரும் அல்லர். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய ஒரு வாத்தியார்.

இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதிலே பிள்ளையின் பிறப்புப் பத்திரம் மடித்து வைத்திருப்பீர்கள். உங்கள் சட்டைப் பையிலே நீல நிற அடையாளக் கார்டு இருக்கும். இந்த இரண்டு காகிதத்துக்கும் மதிப்புக் கொடுத்த சட்டம் ஒன்று இருக்கிறதல்லவா? அதை வரைந்த ஐந்து பேரில் இவரும் ஒருவர். அதற்கு முன்னால் இலங்கைக்கும் இவர் ஒரு சட்டம் வரைந்து கொடுத்தார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த நம் இனத்து மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இந்த வரலாற்றிலே காணலாம். ஆகவே பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

ஏழைப் பிள்ளையின் படிப்பு

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பிரிஸ்டல் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே 1903-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் வில்லியம் ஐவர் ஜென்னிங்ஸ் பிறந்தார். தகப்பனார் தச்சு வேலை செய்பவர். துரைமார் என்றாலே பிறக்கும்போதே வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர்கள் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். இவர் அப்படிப் பிறந்தவரில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்துத் தருமவான்கள் ஏற்படுத்திய குயீன் எலிசபெத் ஹாஸ்பிட்டல் என்ற பள்ளியில் படித்தார். ஹாஸ்பிட்டல் என்ற பெயரைக் கண்டு மருத்துவமனை என்று எண்ணிவிடாதீர்கள். அது பள்ளிக்கூடம்தான். நீல நிற நீண்ட அங்கி அந்தப் பள்ளியின் சீருடை. பிறகு பிரிஸ்டல் கிராமர் பள்ளியில் படித்தார். அங்கிருந்து பரிசுப் பணம் பெற்றுப் புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் கேதரின்ஸ் கல்லூரிக்குப் போனார்.

முதலில் எடுத்த பாடம் கணிதம். பிறகு சட்டத்துக்கு மாறினார். எதை எடுத்தாலும் முதல் வகுப்பு! மாணவர்களே, கணக்கு வேப்பங்காய் என்று ஒதுக்குகிறீர்களே, கணக்குப் போட்டுப் பழகிய மூளைதான் பின்னாளில் நாடுகளுக்குச் சட்டம் எழுதியது. ஒரு வரிக்குப் பின் அடுத்த வரி எப்படி வரவேண்டும், எந்தச் சொல் கூடினால் பொருள் மாறும் என்பதெல்லாம் கணக்குப் போலத்தானே!

பேராசிரியர் பணி

1925-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்ட விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1928-இல் வழக்கறிஞராகவும் பதிவு பெற்றார். அதே ஆண்டு திருமணமும் நடந்தது. 1929-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வந்தார். பெயர்தான் பள்ளி, அது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிய கல்லூரி. அங்கே இருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்தார். 1933-இல் சட்டமும் அரசியலமைப்பும் பற்றி ஒரு நூல். 1936-இல் மந்திரி சபை பற்றி ஒரு நூல். 1939-இல் நாடாளுமன்றம் பற்றி ஒரு நூல். முப்பத்தாறு வயதுக்குள் இத்தனையும் எழுதி முடித்துவிட்டார்.

அவர் அப்படி என்ன கண்டுபிடித்தார்? நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் நாள் உபயம் இன்னாருக்கு, கடைசி நாள் உபயம் இன்னாருக்கு என்று ஒரு முறை இருக்கும். அது எந்த நோட்டிலும் எழுதியிராது. ஆனாலும் யாராவது மீறினால் தோட்டமே கேள்வி கேட்கும். இங்கிலாந்தின் அரசாட்சியும் பாதி இப்படித்தான் நடக்கிறது. தேர்தலில் பெரும்பான்மை பெற்றவரைத்தான் ராஜா பிரதமராக அழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

எது வெறும் பழக்கம், எது கட்டாயமான வழக்கம் என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு ஜென்னிங்ஸ் மூன்று கேள்விகள் வைத்தார். முன்னால் அப்படி நடந்திருக்கிறதா? நடந்தவர்கள் தாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்று எண்ணித்தான் நடந்தார்களா? அந்த வழக்கத்துக்குத் தக்க காரணம் உண்டா? எளிமையான கேள்விகள்தான். ஆனால் அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1981-இல், கனடா நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு பெரிய வழக்கில் இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னது. நல்ல ஆசிரியரின் கேள்வி அவர் மறைந்த பிறகும் வேலை செய்கிறது பாருங்கள்!

இலங்கைக்கு வந்தார்

1941-இல் இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த வேளையில், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக ஜென்னிங்ஸ் இலங்கைக்கு வந்தார். 1942 ஜூலை முதல் நாள் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் முதல் துணைவேந்தர் அவரே. அந்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானியர் கொழும்பின் மேல் குண்டு போட்டார்கள். மக்களைப் பாதுகாக்கும் சிவில் பாதுகாப்பு இலாகாவில் துணை ஆணையாளராகவும் வேலை பார்த்தார்.

கண்டிக்குப் பக்கத்தில், மகாவலி ஆற்றங்கரையில், பேராதனை என்ற இடத்தில் பழைய தோட்டக் காணி ஒன்றை எடுத்து அங்கே பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள். 1952-இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபெயர்ந்தது. மலைச்சாரலில், மரங்கள் சூழ, மாணவர்கள் தங்கிப் படிக்கும் அழகான இடமாக இன்றைக்கும் அது இருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் பேராதனையை மறப்பதில்லை. அங்கே படித்துப் பட்டம் பெற்ற தமிழ் அறிஞர்கள் எத்தனையோ பேர்.

பல்கலைக்கழக வேலைக்கு இடையே இன்னொரு பெரிய வேலை அவரைத் தேடி வந்தது. சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த இலங்கைத் தலைவர் டி. எஸ். சேனநாயக்கா, தமக்கு அரசியல் சட்டம் வரைய உதவும்படி ஜென்னிங்ஸிடம் கேட்டார். 1944-இல் மந்திரிமார் வெளியிட்ட நகலில் பெரும்பகுதி ஜென்னிங்ஸின் கைவண்ணம். பின்னர் சோல்பரி பிரபுவின் தலைமையில் வந்த கமிஷன் அந்த நகலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 1948 பிப்ரவரி 4-இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் ஜென்னிங்ஸுக்கு சர் பட்டமும் கிடைத்தது.

எழுதாமல் விட்ட இரண்டு விஷயங்கள்

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அந்தச் சட்டத்திலே இரண்டு விஷயங்கள் இல்லை. ஒன்று, இலங்கையின் பிரஜை யார் என்று அதில் எழுதவில்லை. அதை நாடாளுமன்றமே பிறகு முடிவு செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு, பிரஜைகளின் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பட்டியல் இல்லை. உரிமைகளை நீளமாக எழுதி வைப்பதில் ஜென்னிங்ஸுக்கு நம்பிக்கை குறைவு. இங்கிலாந்தில் அப்படி எழுதவில்லையே, அங்கே மக்கள் சுதந்திரமாகத்தானே இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். ஒரே ஒரு காவல் மட்டும் இருந்தது. 29-ஆம் பிரிவு. எந்த ஒரு சமூகத்தாருக்கும் மற்றவருக்கு இல்லாத தடையை விதித்துச் சட்டம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்தக் காவல் போதுமென்று நினைத்தார்கள். போதவில்லை.

சுதந்திரம் வந்த அதே 1948-இல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தானும் இலங்கையில் பிறந்து, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும். மலையகத் தோட்டத்து லயத்திலே பிறந்தவனுக்குப் பாட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து கிடைக்கும்? எத்தனையோ பிறப்புகள் பதிவே ஆகவில்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அதே மக்களுக்கு அடுத்த தேர்தலில் ஓட்டு இல்லை! 1949-இல் மனுச் செய்து பிரஜையாக ஒரு வழி வைத்தார்கள். மனுப் போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை.

29-ஆம் பிரிவு காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். கோடாகன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தங்கள் நாட்டின் பிரஜை யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்று 1953-இல் தீர்ப்பாகிவிட்டது. அந்தச் சட்டத்தில் தமிழர் என்ற சொல்லே கிடையாது. எல்லாருக்கும் பொதுவான விதி போலத்தான் எழுதியிருந்தது. விழுந்த அடி மட்டும் தோட்டத்து மக்களின் முதுகில் விழுந்தது.

1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று இரண்டு சர்க்காரும் பேசி முடித்தன. ஆட்டு மந்தையை எண்ணுவது போல எண்ணினார்கள். அண்ணன் கப்பல் ஏற, தம்பி மலையிலே தங்க, பிரிந்த குடும்பங்கள் ஏராளம். நாடற்றவர்களாக மிச்சமிருந்தோருக்கு 2003-இல்தான் ஒரு சட்டம் வந்து குடியுரிமை கொடுத்தது. கணக்குப் போடுங்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இந்தச் சட்டங்களைச் செய்தது அன்றைய நாடாளுமன்றம். ஆகவே பழி முழுவதையும் ஜென்னிங்ஸின் தலையில் போடுவது நியாயமாகாது. ஆனால் வீட்டைக் கட்டியவர் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கவில்லை என்பதை மறைக்கவும் முடியாது. 1963-இல் சோல்பரி பிரபு ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில், இந்தியாவிலும் மலாயாவிலும் இருப்பது போல அடிப்படை உரிமைகளை இலங்கைச் சட்டத்தில் எழுதாமல் விட்டோமே என்று வருந்தினார்.

சென்னையில் சொன்ன குறை

1952-இல் ஜென்னிங்ஸ் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், இந்திய அரசியல் சட்டத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார். அது மிக நீளமானது, இறுக்கமானது, உரிமைகளை அளவுக்கு மீறி விவரித்து எழுதியிருக்கிறார்கள் என்று குறை சொன்னார். டாக்டர் அம்பேத்கரும் மற்றவர்களும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய சட்டம் அது. காலம் என்ன தீர்ப்புச் சொன்னது தெரியுமா? அவர் குறை சொன்ன இந்தியச் சட்டம் 1950 முதல் பல திருத்தங்களோடு இன்றைக்கும் நடக்கிறது. அவர் சுருக்கமாக எழுதிக் கொடுத்த இலங்கைச் சட்டத்தை 1972-இல் எடுத்துவிட்டு வேறு சட்டம் போட்டுவிட்டார்கள். 29-ஆம் பிரிவும் அதோடு போயிற்று. யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மலாயாவுக்கு வந்தார்

1954-இல் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹால் என்ற கல்லூரிக்குத் தலைவராக ஜென்னிங்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கிருந்துதான் 1956-இல் நம் நாட்டுக்கு வந்தார். சுதந்திர மலாயாவுக்கு அரசியல் சட்டம் வரைய ஐவர் கொண்ட கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. ரீட் பிரபு தலைவர். இங்கிலாந்திலிருந்து ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து சர் வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. ஐவரில் சட்டப் பேராசிரியர் ஜென்னிங்ஸ் ஒருவரே.

1956 ஜூன் முதல் அக்டோபர் வரை 118 கூட்டங்கள் நடந்தன. 131 மகஜர்கள் வந்தன. சுல்தான்கள், கட்சிகள், சங்கங்கள் எல்லாரும் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். அப்போது இந்நாட்டில் பிறந்தவர்களிலேயே எத்தனையோ பேர் பிரஜைகள் இல்லை. அதனால் இங்கே பிறக்கும் பிள்ளைகள் பிரஜைகளாக வேண்டும் என்ற கோரிக்கை பலமாக இருந்தது. கமிஷன் அதை ஏற்றுக்கொண்டது. அறிக்கை 1957 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன்பிறகு மன்னர்கள், கூட்டணிக் கட்சி, பிரிட்டிஷ் சர்க்கார் மூன்று தரப்பும் உட்கார்ந்து பல இடங்களைத் திருத்தினார்கள். அப்படித் திருத்திய சட்டம்தான் 1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா நாளன்று நடைமுறைக்கு வந்தது.

இலங்கையில் எழுதாமல் விட்ட இரண்டும் இங்கே எழுதப்பட்டன. பிரஜை யார் என்பது சட்டத்துக்குள்ளேயே இருந்தது. மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பிறகும் இம்மண்ணில் பிறந்த பிள்ளை பிரஜை. பாட்டன் எங்கே பிறந்தான், பூட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்வி இல்லை. (1962-இல் பெற்றோரைப் பற்றிய நிபந்தனை சேர்ந்தது.) முன்பே இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு வாழ்ந்திருந்தால் பதிந்து கொள்ளலாம். வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களுக்குப் பன்னிரண்டில் எட்டு ஆண்டு. எளிய மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுப் போட்டால் அதிலும் சலுகை இருந்தது.

உரிமைகளும் தனிப் பகுதியாக வந்தன. அடிமை வேலை கூடாது என்பது 6-ஆம் பிரிவு. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது 8-ஆம் பிரிவு. எந்தப் பிரஜையையும் நாட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்பது 9-ஆம் பிரிவு. மலையகத்து மக்களின் கதையைப் படித்துவிட்டு இந்த 9-ஆம் பிரிவைப் படித்தால் அதன் அருமை விளங்கும். மலாய் தேசிய மொழி என்று சொல்லும் 152-ஆம் பிரிவிலேயே, மற்ற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இந்தச் சொற்கள் அத்தனையும் ஜென்னிங்ஸ் ஒருவர் எழுதியவை என்று சொல்ல மாட்டேன். பல பேர் கூடி இழுத்த தேர் அது. வடம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

சட்டம் வந்தது, ஆனால்...

சட்டம் வாசலைத் திறந்து வைத்தது. உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? பதிவுக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று தங்கிவிட்டவர்கள் உண்டு. ஊருக்குத்தானே போகப் போகிறோம், இது எதற்கு என்று இருந்தவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாமல் பாரத்தைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்துவிட்ட இவர்களுக்கு 1969-இல் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோதுதான் உண்மை உறைத்தது. முப்பது நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய கைகள் மூட்டை கட்டின. பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். இலங்கையில் காகிதம் கொடுக்க மறுத்தார்கள், மக்கள் தவித்தார்கள். இங்கே காகிதம் கிடைக்கும் காலத்தில் பலர் போய் வாங்காமல் விட்டார்கள், அவர்களும் தவித்தார்கள்.

கடைசிக் காலம்

ஜென்னிங்ஸின் ஆலோசனையை நாடிய நாடுகள் இன்னும் உண்டு. பாகிஸ்தானில் 1954-இல் கவர்னர் ஜெனரல் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்துவிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டபோது, அவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஜென்னிங்ஸும் ஒருவர். அதற்காக இன்றுவரை அவரைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே 1956-இல் வந்த சட்டம் 1958-இல் ராணுவ ஆட்சியால் போயிற்று. 1958-இல் நேபாள மன்னர் அழைத்தார். 1959-இல் வந்த அந்தச் சட்டப்படி அமைந்த மந்திரி சபையை 1960-இல் மன்னரே கலைத்துவிட்டார். எவ்வளவு நல்ல சட்டமானாலும் அதைக் காப்பாற்ற மனிதர்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1961 முதல் 1963 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1962-இல் அங்கேயே டௌனிங் சட்டப் பேராசிரியர் என்ற பழம்பெரும் பதவியும் கிடைத்தது. அதிகக் காலம் இருக்கவில்லை. 1965 டிசம்பர் 19-ஆம் நாள், தமது 62-ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார். தச்சரின் மகன் இரண்டு பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகி, அரசர்களுக்கும் பிரதமர்களுக்கும் ஆலோசனை சொல்லி மறைந்தார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவர்களே, ஏழை வீட்டில் பிறந்தது உங்கள் படிப்புக்குத் தடை ஆகாது. இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையும் சரி, கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளையும் சரி, ஜென்னிங்ஸ் தொடங்கிய இடம் உங்கள் இடத்தைவிட மிக உயர்ந்தது அல்ல என்பதை நினைவில் வையுங்கள். உங்களில் யாராவது ஒருவர் சட்டம் படியுங்கள். ஒரு சமூகத்தின் தலைவிதி ஒரு வரியில் மாறும் என்பதை இந்த வரலாற்றில் பார்த்தீர்கள். அந்த வரி எழுதப்படும் அறையில் நம் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். திருமணத்தைப் பதியுங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் போய்த் திருத்துங்கள். பன்னிரண்டு வயதானதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் காகிதம் இல்லாத பிள்ளை இருந்தால் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். வழி கேட்பதில் வெட்கம் இல்லை.

கரையான் அரித்தால் போய்விடும் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் ஏழு லட்சம் பேர் பட்ட பாட்டை நீங்கள் இப்போது அறிவீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.